கண் வைக்காத மீன்

1

என் கையில் இருக்கும் டோக்கனில் நூற்று எண்பத்தாறு என்று அச்சாகியிருக்கிறது. எதிர்ச்சுவரில் சிவப்பு விளக்கில் தெரியும் எண் நூற்று முப்பத்தொன்று. காலை எட்டரைக்கு வந்தேன். இப்போது பத்தாகப் போகிறது. மதியம் இரண்டு மணிக்கு எனக்கு வேலை. உட்கார்ந்த இடத்தில் கால் ஆடிக்கொண்டே இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் ஆப்பிரிக்கப் பெரியவர் இரண்டு முறை என் முழங்காலைப் பார்த்துவிட்டார்.

இது ஜெர்மனியின் வடக்கே ஒரு துறைமுக நகரம். நான் உட்கார்ந்திருப்பது வெளிநாட்டுக்காரர்களின் காகிதங்களைப் பார்க்கும் அலுவலகம். நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு மனுப் போட்டிருக்கிறேன், அதனால் என் பாஸ்போர்ட் இவர்களிடம் இருக்கிறது. அதை மூன்று வாரத்துக்குத் திருப்பிக் கொடுங்கள், ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன். ஒரே ஒரு வாக்கியம். எட்டு வருடத்துக்கு முன்னால் இதே கூடத்தில் கேட்டிருக்க வேண்டிய வாக்கியம். அப்போது நாற்காலிகள் மரத்தில் இருந்தன, இப்போது நீல பிளாஸ்டிக். வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

வெளிநாட்டில் எல்லாம் சட்டென்று நடந்துவிடும் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இங்கே வரிசையைச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மகள் எழுதித் தீர்த்த பள்ளி நோட்டில் பின்பக்கங்கள் காலியாக இருக்கின்றன. கால் ஆடுவதை நிறுத்த அதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

வரிசை என்றால் அது என் அண்ணன் லூர்து நிற்கும் வரிசை.

அண்ணன் டிரெய்லர் லாரி ஓட்டுகிறார். மணலிப் பக்கத்துக் கிடங்கில் கண்டெய்னரை ஏற்றிக்கொண்டு ராயபுரத்துக்குப் போய்த் துறைமுகத்துக்குள் இறக்க வேண்டும். சைக்கிளில் போனாலே ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். லாரிக்கு இரண்டு நாள் ஆகும், மூன்று நாளும் ஆகும். எண்ணூர் நெடுஞ்சாலையில் ஆரம்பித்து, திருவொற்றியூர் தாண்டி, கடலுக்கு ஓரமாகக் கருங்கல் கொட்டியிருக்கும் இடமெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக லாரிகள். டிரைவர்கள் வண்டிக்கு அடியில் ஸ்டவ் வைத்துச் சோறு வடிக்கிறார்கள், முகச்சவரம் செய்துகொள்கிறார்கள், துணி துவைத்து டிரெய்லர் கொக்கியில் காயப்போடுகிறார்கள். எங்கள் வீடு அந்தச் சாலைக்குப் பின்தெருவில்தான். அண்ணன் வண்டியில் உட்கார்ந்தபடியே தன் வீட்டு மொட்டை மாடியைப் பார்க்கலாம். இறங்கிப் போக முடியாது, போனால் பின்னால் நிற்பவன் முந்திவிடுவான்.

"வூட்டாண்ட தான் கீறேன், வூட்டுக்குத்தான் போவ முடியல" என்பார். "ஒங்க அண்ணி தூக்குல சோறு எத்துக்கினு வர்றா நைனா. கல்யாணத்துக்கு மின்னாடி பீச்சுல சந்திச்ச மாரி கீது."

அவரிடம் செல்போன் வந்ததும் எங்கள் இருவருக்குள் ஓர் ஏற்பாடு வந்தது. அவர் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். நான் இங்கே பெட்டிக்கடையில் வாங்கிய போன் கார்டைச் சுரண்டி, அதில் இருக்கும் நீள எண்ணை அழுத்தி, இன்னும் எத்தனை நிமிடம் பேசலாம் என்று ஒரு பெண் சொல்வதைக் கேட்டுவிட்டு அவரைக் கூப்பிடுவேன். பேச்சு எப்போதும் லாரி, வரிசை, ஸ்ரீஹரிகோட்டாவில் விடும் ராக்கெட். அப்பாவைப் பற்றிப் பேசமாட்டோம். பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் இரண்டு பேரில் யாராவது ஒருவர் டீசல் விலையைப் பேச ஆரம்பித்துவிடுவார்.

3

நூற்று முப்பத்தொன்பது.

இங்கே என் வேலையும் கண்டெய்னரோடுதான். நான் வேலை பார்க்கும் துறைமுக முனையத்தில் கப்பலில் ஏறும், இறங்கும் பெட்டிகளை எடுத்துக்கொண்டு போகும் வண்டிகளுக்கு டிரைவர் கிடையாது. டிரைவர் உட்காரும் கேபினே கிடையாது. தரைக்கு அடியில் புதைத்திருக்கும் ஏதோ ஒன்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அதுவே போகும், அதுவே திரும்பும், எதிரே இன்னொன்று வந்தால் நின்று வழிவிடும். அது படுத்துவிட்டால் எழுப்புகிற எலெக்ட்ரீஷியன் நான்.

முதல் முதலாக அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை.

"டபாய்க்காத நைனா. ஆளு இல்லாத வண்டி எப்பிடிப் போவும்?"

"போகுதுண்ணே. நான் தினம் பாக்கிறேன்."

"ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கினா?"

"முட்டாது."

"அப்ப நடுவுல நின்னுபோச்சுன்னா யாரத் திட்டுறது?"

அங்கே திட்டு என்று ஒன்று கிடையாது. கன்ட்ரோல் அறையில் ஒரு திரையில் சிவப்புப் புள்ளி வரும், என் கையில் இருக்கும் கருவி ஒலிக்கும், நான் போவேன். நாள் முழுக்க ஒரு ஹாரன் சத்தம்கூடக் கேட்காது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அந்த அமைதியில் எனக்குத் தலை வலித்தது.

போட்டோ அனுப்பினேன். அண்ணன் அதை வரிசையில் நின்ற அத்தனை டிரைவர்களுக்கும் காட்டியிருக்கிறார். அப்புறம் இரண்டு மாதம் அதே விவாதம். ஒருவர், நம் ஊருக்கு இது வரவே வராது, மாடு குறுக்கே வந்தால் என்ன செய்யும் என்றாராம். இன்னொருவர், வந்துவிட்டால் நாம் எல்லாம் பொரி கடலை விற்கப் போகலாம் என்றாராம். அண்ணன் கருத்து வேறு. "வரட்டும்பா. ஆனா அதுவும் இந்த லைன்லதான நிக்கணும்? மூணு நாளு நிக்கட்டும். அப்பால மெஷினுக்கும் புத்தி வந்துரும்."

4

அப்பாவின் கருத்தையும் சொல்ல வேண்டும். அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கண்டெய்னர் பெட்டிகள் வந்ததும் அவருடைய கேங்குக்கு வேலை குறைந்தது. அதற்காக அவர் அழுததில்லை. "நல்லதுதான்பா. மூட்ட தூக்கினவன் எவன் முதுகு நேரா கீது?" என்றுதான் கேட்பார். அவருக்கு இயந்திரங்கள் பிடிக்கும். புது கிரேன் வந்தால் எங்கள் இருவரையும் சைக்கிளில் முன்னால் ஒருவன் பின்னால் ஒருவனாக உட்காரவைத்து, சுவருக்கு வெளியே இருந்து காட்டுவார். அதைப் பார்த்துத்தான் நான் எலெக்ட்ரீஷியன் ஆனேன்.

அவர் கேங்கில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் கப்பலின் வயிற்றுக்குள் இருக்கும் கிடங்கில் பத்துப் பன்னிரண்டு பேர் ஏணி பிடித்து இறங்குவார்கள். இறங்கியதும் குப்புசாமி மேஸ்திரி கிடங்கு வாயின் இரும்பு விளிம்பில் சாக்பீஸால் ஒரு மீன் வரைவார். இரண்டு வளைந்த கோடு, ஒரு வால். கண் இருக்காது. அது மாலையில்தான். வேலை முடிந்து ஒவ்வொருவராக மேலே ஏறி வருவார்கள், மேஸ்திரி தலை எண்ணுவார். கடைசி ஆள் வந்து நின்ற பிறகு மீனுக்கு ஒரு புள்ளி வைப்பார். கண் வைத்த பிறகுதான் கிடங்கை மூடலாம். கண் இல்லாத மீன் என்றால் கீழே இன்னும் ஆள் இருக்கிறது. யார் என்ன அவசரப்படுத்தினாலும், கப்பல் கேப்டனே வந்து கத்தினாலும், கண் வைக்காமல் மூடி இறங்காது. சாக்குகளுக்கு நடுவில் அசந்து தூங்கிவிட்ட ஆளை உள்ளே வைத்து எப்போதோ ஒரு கப்பலில் மூடிவிட்டார்களாம், அதிலிருந்து வந்த பழக்கம் என்பார் அப்பா.

வீட்டிலும் அவருக்கு அதே பேச்சு. கதவைச் சாத்துவதற்கு முன்னால், "அல்லாரும் வந்தாச்சா? கண்ணு வெச்சிரலாமா?" என்று கேட்பார். அம்மா உள்ளே இருந்து "வெய்யி, வெய்யி" என்பாள். அப்புறம்தான் தாழ்ப்பாள் விழும்.

5

நூற்று ஐம்பத்திரண்டு. நடுவில் நான்கைந்து பேர் பொறுமை இழந்து போயிருக்கிறார்கள் போலிருக்கிறது, எண்கள் மடமடவென்று தாவின. எழுந்து போனவர்களை வாசல்வரை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எட்டு வருடத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை அப்பா இறந்துவிட்டதாக அண்ணன் போன் செய்தார். ராயபுரத்தில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினார். "நாளைக்கு சாயந்திரம் வரிக்கும் வெச்சிருக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. ஐஸ் பொட்டி சொல்லிட்டேன். வந்துர்றியா?" நான் வருகிறேன் என்றேன். அப்போதும் பாஸ்போர்ட் இந்த அலுவலகத்தில் இருந்தது. விசாவைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். நேராக இங்கே வந்து டோக்கன் எடுத்தேன்.

என் எண் நாற்பத்தேழு. ஓடிக்கொண்டிருந்தது இருபதோ என்னவோ. அன்றைக்கும் இரண்டு மணிக்கு வேலை. வேலைக்குச் சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது, பயிற்சிக் காலம் முடியவில்லை. போகாவிட்டால் என்ன சொல்வார்களோ. பாஸ்போர்ட்டை அவசரமாகக் கேட்டால் விசாவில் ஏதாவது சிக்கல் வருமோ. ஜெர்மனில் 'அடக்கம்' என்பதற்கு என்ன வார்த்தை என்று எனக்கு அப்போது தெரியாது. ஸ்டெல்லா, என் மனைவி, கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தாள். உட்கார்ந்தேன், எழுந்தேன், வெளியே போய் நின்றேன், திரும்பி வந்தேன். எண் முப்பத்தொன்பதுக்கு வந்தபோது மணி ஒன்றேகால். டோக்கனை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வேலைக்குப் போய்விட்டேன்.

மாலை அண்ணனை அவருடைய பக்கத்து வீட்டு நம்பரில் கூப்பிட்டுச் சொன்னேன். "பாஸ்போர்ட் குடுக்க மாட்டேன்னுட்டாங்கண்ணே."

"கேட்டுப் பாத்தியா?"

"கேட்டேன். கெஞ்சிக்கூடப் பாத்தேன்."

"சரி வுடு. இன்னா பண்றது" என்றார்.

இந்த எட்டு வருடத்தில் ஸ்டெல்லா மகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு முறை ஊருக்குப் போய்வந்தாள். நான் போகவில்லை. ஒரு முறை லீவு இல்லை என்றேன், இன்னொரு முறை முதுகுவலி என்றேன். காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் அப்பாவின் சிமெண்ட் மேடையில் சிலுவைக்குக் கீழே யாரோ மீன் கீறியிருக்கிறார்கள் என்று அவள் வந்து சொன்னாள். மேஸ்திரியாக இருக்கும் என்றேன். அதற்கு மேல் கேட்கத் தைரியம் இல்லை.

6

இந்த வருடம் செப்டம்பர் கடைசியில் ஓர் ஆளில்லா வண்டி நடு வழியில் நின்றுவிட்டது. முதுகில் நாற்பதடிப் பெட்டி. அந்தப் பகுதியில் ஓட்டத்தை நிறுத்திவிட்டு என்னை உள்ளே அனுப்பினார்கள். ஒரு உணர்கருவியில் தண்ணீர் புகுந்திருந்தது, பத்து நிமிட வேலை. முடித்துவிட்டுக் கைக்கருவியில் பதிவு செய்யும்போது பெட்டியின் விவரம் கண்ணில் பட்டது. போய்ச் சேரும் துறைமுகம்: சென்னை.

அதுவரை எத்தனையோ சென்னைப் பெட்டி என்னைக் கடந்து போயிருக்கும். ஒன்றின் பக்கத்தில் நான் தனியாக நின்றது அன்றுதான். இது கப்பல் ஏறி, கடல் கடந்து, ராயபுரத்தில் இறங்கி, எங்கள் தெரு முனை வழியாகப் போகும். என்னால் மட்டும் போக முடியவில்லை. சட்டைப் பையில் டயருக்குக் குறி போடும் மஞ்சள் மெழுகுக் கட்டி இருந்தது, மழைக்கு அழியாது. பெட்டியின் பின்கதவில் எட்டும் உயரத்தில் ஒரு மீன் வரைந்தேன். இரண்டு வளைவு, ஒரு வால். அதற்குள் கருவி கத்தியது: வழியை விட்டு விலகு. விலகினேன். வண்டி தானாகக் கிளம்பிப் போய்விட்டது.

மறுநாள் மேற்பார்வையாளர் கூப்பிட்டார். கிரேன் கேமராவில் பதிந்த படத்தைக் காட்டி, இது என்ன என்றார். நான் விழித்தேன். அவரே, "ஓ, கிறிஸ்தவ மீனா? என் மனைவியும் காருக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறாள்" என்றார். ஆமாம் என்றேன். நானும் ராயபுரத்துக் கிறிஸ்தவன்தானே, பொய் என்று சொல்ல முடியாது. பக்தி இருக்கட்டும், அடுத்தவர் பெட்டியில் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அண்ணனிடம் பெட்டி எண்ணைச் சொன்னேன். மீன் வரைந்ததையும் சொன்னேன்.

"நம்பள்து மீனா?"

"நம்ம மீன்தாண்ணே."

"நான் புடிக்கிறேன் பாரு அத்த" என்றார்.

அதன் பிறகு அந்த வரிசைக்கே ஒரு வேலை வந்துவிட்டது. துறைமுகத்துக்குள் போகும் வண்டிகள் தெற்கே பார்த்து நிற்கும். இறக்குமதிப் பெட்டிகள் வெளியே வந்து எதிர்ப்பக்கம் வடக்கே போகும். கதவு பெட்டியின் பின்பக்கம் இருப்பதால் வண்டி கடந்து போன பிறகுதான் தெரியும். அதைப் பக்கக் கண்ணாடியில் பிடிக்க வேண்டும். அண்ணன் எல்லா டிரைவர்களிடமும் சொல்லிவைத்திருக்கிறார். ஆந்திராக்காரர், நாமக்கல்காரர், பீகாரி கிளீனர் வரை எல்லோரும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். வாரத்துக்கு இரண்டு பொய்த் தகவல் வரும். ஒருவர் எண்ணெய்க் கறையைப் பார்த்து மீன் என்று கத்தி, அண்ணன் அரை கிலோமீட்டர் ஓடிப்போய் ஏமாந்து திரும்பியிருக்கிறார். திரும்புவதற்குள் இரண்டு லாரி முந்திவிட்டதாம்.

7

பெட்டி கடலில் இருக்கும்போதுதான் நிலாவுக்கு ராக்கெட் விட்டார்கள். ஸ்ரீஹரிகோட்டா எங்கள் ஊருக்கு நேர் வடக்கே. ராக்கெட் அங்கே விடியற்காலையில் கிளம்பியது. இங்கே நான் காபி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அண்ணனிடமிருந்து மிஸ்டு கால் வந்தது, கூப்பிட்டேன்.

"நைனா, ராக்கெட்டு பூட்ச்சு. என் வண்டி போவல."

"பாத்தியாண்ணே?"

"மானம் மூடிக்கினு கீது. சைடு கண்ணாடில பாத்தேன். மேகத்துக்கு அந்தாண்ட செவப்பா ஒரு வெளிச்சம், அவ்ளோதான். அல்லாரும் எறங்கி கை தட்னோம். பின்னாடி நிக்கிறவன் ஆரன் அட்ச்சான். மின்னாடி வண்டி ஒரு அடி நவுந்துட்ச்சாம்."

அந்த வாரம் என் மகள் ஷெரினுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். விண்வெளிப் பயணம் தேவையா, இல்லையா? மூன்று பெரியவர்களிடம் கேட்டு ஆம், இல்லை என்ற கட்டத்தில் குறிக்க வேண்டும். ஒன்பது வயது. என்னிடம் ஜெர்மனில்தான் பேசுவாள், நான் தமிழில் பதில் சொல்வேன், இரண்டு பேருக்கும் பாதி புரியும். பெரியப்பாவைக் கேள் என்று போனை அவளிடம் கொடுத்தேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் கற்ற பாஷையில் ஆரம்பித்தாள்.

"வணக்கம் பெரியப்பா. நீங்கள் நலமாக இருக்கிறீர்களா?"

"யாரு, நியூஸ் வாசிக்கிறவங்களா?" என்று அண்ணன் சிரித்தார். "நான் ஷோக்கா கீறேன் கண்ணு. இன்னா வோணும்?"

அவள் கேள்வியைப் படித்தாள். அண்ணன் கொஞ்சம் யோசித்தார்.

"தேவைதாம்மா. சோத்துக்கு இல்லாத ஊருக்கு ராக்கெட்டு எதுக்குன்னு சில பேரு கேப்பான். கேக்கறவன் ஏசி கார்ல போறவன். நான் மூணு நாளா ஒரே எடத்துல குந்திக்கினு கீறேன். நான் பாக்கறதுல நவுர்றது அது ஒண்ணுதான். அத்தயும் நிறுத்தச் சொன்னா எப்பிடி?"

"அப்போ ஆம்?"

"ஆம்னு போட்டுக்கோ. ஆனா ஒண்ணு எழுதிக்கோ. நிலாவுக்குப் போறதுக்கு ரெண்டு மூணு வாரம். உங்கப்பா வுட்ட பொட்டி கப்பல்ல வர்றதுக்கு ஒரு மாசம். துறைமுகத்து கேட்லேர்ந்து மணலிக்குப் போறதுக்கு எவ்ளோ நாளுன்னு எவனுக்கும் தெரியாது. அத்தயும் யாராச்சும் ஆராய்ச்சி பண்ணா நல்லா இருக்கும்."

ஷெரின் பேனாவை வைத்துக்கொண்டு கட்டத்தைப் பார்த்தாள். இது எதிலும் அடங்கவில்லை. கடைசியில் 'ஆம்' கட்டத்தில் குறியிட்டு, பக்கத்தில் ஒரு லாரிப் படம் வரைந்தாள். டீச்சர் அதற்கு ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பியிருந்தார்.

8

போன புதன்கிழமை மத்தியானம் சாப்பாட்டு இடைவேளையில் மிஸ்டு கால் வந்தது. கார்டைச் சுரண்டி அழைத்தேன். எதிர்ப்பக்கம் ஹாரன்கள், யாரோ தெலுங்கில் கத்துவது, அண்ணன் மூச்சு வாங்குவது எல்லாம் கேட்டது.

"கெட்ச்சிட்ச்சு நைனா! நம்ம பொட்டி! நாமக்கல்காரன் கண்ணாடில பாத்துட்டு கத்துனான். லைன விட்டு எறங்கி ஓடுனேன். அது ஒரு வண்டி மேல, தேரடியாண்ட நின்னுக்கினு இருந்துச்சு. தொட்டுப் பாத்தேன்."

"நல்லா தெரியுதாண்ணே?"

"நல்லா தெரியுது." அவர் குரல் மாறியது. "கண்ணு எங்க?"

"என்னண்ணே?"

"மீனுக்குக் கண்ணு எங்கடா?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கருவி கத்திய அவசரத்தில் புள்ளி வைக்காமல் விட்டிருக்கிறேன். மறந்துட்டேன் என்றேன்.

"மறந்தியா? துறைமுகத்துக்காரன் வூட்டுப் புள்ள அத்த மறப்பானா? கண்ணு இல்லாம மீனு அனுப்புனா இன்னா அர்த்தம்? நான் இங்க பொட்டியப் பாத்துட்டு மெர்சலாயி நிக்கிறேன். ஒனுக்கு ஒடம்பு எதனா சரியில்லயா? வேல பூட்ச்சா? மெய்யச் சொல்லு."

இல்லை, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எட்டு வருடமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வந்தது வேறு.

"அண்ணே, அப்பா போனப்ப நான் பாஸ்போர்ட் கேக்கவே இல்ல. டோக்கன் வாங்கினேன். என் நம்பர் வரதுக்குள்ள எழுந்து வேலைக்குப் போயிட்டேன். அவங்க குடுக்கமாட்டேன்னு சொல்லல. நான் கேக்கல."

கார்டில் நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. நான் காதோடு போனை அழுத்திக்கொண்டு கேண்டீன் சுவரைப் பார்த்து நின்றேன்.

"எட்டு வருசமா?" என்றார் அண்ணன்.

"ஆமாண்ணே."

"எட்டு வருசமா அந்த ஆபீசர்காரன நான் திட்டிக்கினு கீறேன்டா. கோயிலுக்குப் போனாக்கூட அவனுக்கு சாபம் வுட்டுட்டுத்தான் வெளிய வருவேன். அவன் யாருன்னே தெரியாது. பாவம் அவன்."

நான் அழுதேன். வெட்கமாக இருந்தது. அப்புறம் அவர் சொன்னார்.

"அப்பா மேடைக்கு சிமெண்ட்டு பூசி ஈரமா இருக்கசொல்ல குப்புசாமி மேஸ்திரி வந்தாரு. ஆணி ஒண்ணு எடுத்து மீனு கீறுனாரு. கண்ணு வெக்கப் போனாரு. நான் கையப் புட்ச்சிக்கினேன். வாணாம் மேஸ்திரி, ஒரு ஆளு இன்னும் மேல வர்லன்னேன். அவரு ஆணிய என் கைல குடுத்துட்டுப் பூட்டாரு. இப்ப அவரும் இல்ல. அது அப்பிடியேதான் கீது."

பின்னாலிருந்து யாரோ பெருங்குரலில் அவரைக் கூப்பிட்டார்கள். லைன் நகருகிறது. "வெச்சுர்றேன்" என்றார். வைத்துவிட்டார்.

9

நூற்று எழுபத்தெட்டு. மணி ஒன்றே கால்.

ஒன்றே கால் என்பதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன், அது உண்மை. அன்றைக்கு எழுந்து போன அதே கால்கள். பக்கத்துப் பெரியவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வெளியே போய் மேற்பார்வையாளருக்குப் போன் செய்து இன்று வரமுடியாது என்றேன். ஏன் என்று கேட்டார். வரிசையில் நிற்கிறேன் என்றேன். திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மீதியை வீட்டில் எழுதுகிறேன். இரண்டரைக்கு என் எண் வந்தது. மேசைக்குப் பின்னால் வெள்ளை முடி வைத்த ஓர் அம்மாள். பாஸ்போர்ட் மூன்று வாரத்துக்கு வேண்டும் என்றேன். காரணம் என்ன என்றார். எட்டு வருடத்தில் அந்த ஜெர்மன் வார்த்தையைக் கற்றுக்கொண்டிருந்தேன்.

"அப்பாவின் அடக்கம்."

அவர் முகம் இளகியது. வருந்துகிறேன் என்றார். எப்போது இறந்தார் என்று கேட்டபடி கணினியில் தட்ட விரல்களை வைத்தார். வருடத்தைச் சொன்னேன். விரல்கள் நின்றன.

"எட்டு வருடம் ஆகிவிட்டதே?"

"ஆமாம். அன்றைக்கும் இங்கேதான் வந்தேன். நாற்பத்தேழாம் எண். முப்பத்தொன்பதில் எழுந்து போய்விட்டேன்."

அவர் திரைக்குத் திரும்பினார். திரையில் காரணங்கள் வரிசையாக இருந்தன, அதில் இது இல்லை. 'குடும்பம்' என்பதைத் தேர்ந்தெடுத்தார். எழுந்துபோய் உள் அறையிலிருந்து பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். கூடவே திரும்பி வரும் அனுமதிக்கு முத்திரை குத்திய ஒரு தாள். எல்லாம் சேர்த்து ஆறு நிமிடம்கூட ஆகவில்லை. அதை என்னால் இப்போதும் தாங்க முடியவில்லை.

வாசலுக்கு வந்ததும் அண்ணனைக் கூப்பிட்டேன். புதன்கிழமைக்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. எடுத்தார். ஹாரன்கள் கேட்டன.

"அண்ணே, பாஸ்போர்ட் வாங்கிட்டேன். டிசம்பர்ல வரேன்."

"எவ்ளோ நேரம் குந்திக்கினு இருந்த?"

"ஆறு மணி நேரம்."

"ஆறு மணி நேரமா? அத்தப் போயி ஒரு லைனுன்னு சொல்லிக்கினு திரியிற" என்றார். யாரிடமோ திரும்பி, தம்பி வர்றாம்பா என்று சொல்வது கேட்டது. பிறகு போனுக்கு வந்தார்.

"வர்சொல்ல ஒண்ணியும் எத்துக்கினு வராத நைனா. ஆணி என் டூல் பாக்ஸுலதான் கீது."